அப்பாவின் டிரங்குப் பெட்டியில் காமிக்ஸ்: லேமினேட் செய்யலாமா, அமெரிக்காவுக்கு அனுப்பலாமா?

கரூர் மாவட்டத்திலிருந்து பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தவிர்த்திருக்கிறேன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவருடைய அப்பா சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது இரண்டு டிரங்குப் பெட்டிகள் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் முத்து காமிக்ஸ், ராணி காமிக்ஸ், இந்திரஜால் என்று ஏறக்குறைய முந்நூறு புத்தகங்கள். சில தனித்தனியாக இருக்கின்றன, சிலவற்றை அவருடைய அப்பா ஐந்தாறாகச் சேர்த்துத் தைத்து பைண்ட் செய்து வைத்திருக்கிறார். இன்னொரு பெட்டியில், கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா 1970களில் கொண்டுவந்து கொடுத்த அமெரிக்க காமிக்ஸ் நாற்பது. இந்தப் பெட்டிக்குள் எப்போதோ மழைத்தண்ணீர் இறங்கி, அடியில் இருந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பல புத்தகங்களில் தாள்களைக் கோத்த கம்பிப் பின் துருப்பிடித்திருக்கிறது.

பூஞ்சை வாடை போகட்டும் என்று இரண்டு நாள் மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்ததாகவும், அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை செல்லோடேப் போட்டு ஒட்டியதாகவும் எழுதியிருக்கிறார். மீதியை லேமினேட் செய்துவிடலாம் என்பது கணவரின் யோசனை. "ஆம்பளப் பிள்ளைக்குத்தான் சொந்தம், மொத்தமாகப் பழைய புத்தகக் கடையில் போட்டுவிடலாம்" என்கிறார் தம்பி. சமூக வலைத்தளத்தில் படம் போட்டதும் கோலாலம்பூரிலிருந்து ஒருவர், பதினொரு முத்து காமிக்ஸுக்கு அறுபதாயிரம் ரூபாய் தருகிறேன், முதலில் அனுப்புங்கள், கைக்கு வந்ததும் பணம் போடுகிறேன் என்றாராம். இன்னொருவர், அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடிங் செய்தால், அதாவது புத்தகத்தின் நிலைக்குத் தரப்புள்ளி வாங்கினால், ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் போகும் என்றாராம். "எதை நம்புவது, எங்கே தொடங்குவது? இவற்றில் என்னவெல்லாம் கெட்டுப்போய்விட்டது?" இதுதான் அவருடைய கேள்வி.

அன்புச் சகோதரிக்கு,

பழைய தாள்களையும் நூல்களையும் பாதுகாக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதல் விஷயம், பெரிதாக எதுவும் கெட்டுப்போய்விடவில்லை. இத்தனை ஆண்டுகள் இருட்டில், மூடிய பெட்டிக்குள் இருந்ததே அந்தப் புத்தகங்களைக் காப்பாற்றியிருக்கிறது. இப்படிப்பட்ட சேகரிப்புகளுக்குப் பெட்டியைத் திறந்த முதல் ஒன்றிரண்டு மாதங்கள்தான் ஆபத்தான காலம். அக்கறையுள்ள கைகள் வெயிலில் போடும், ஒட்டும், துடைக்கும், இஸ்திரி போடும். அவசரப்பட்டு விற்பதும் அப்போதுதான். அதனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை எந்தப் புத்தகத்துக்கும் எதையும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெயில், டேப், லேமினேஷன்

அந்தக் காலத்து காமிக்ஸ் அச்சானது நாம் சாணித்தாள் என்று சொல்லும் மலிவான செய்தித்தாள் காகிதத்தில். மரத்தை அரைத்துச் செய்த கூழ் அது. மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருளை அதிலிருந்து நீக்குவதில்லை. வெளிச்சமும் காற்றும் பட்டால் லிக்னின் மஞ்சளாகிப் பழுப்பேறும். தாளுக்குள்ளேயே உண்டாகும் அமிலம் நார்களைத் துண்டு துண்டாக உடைக்கும். பக்கத்தைப் புரட்டும்போது ஓரம் பொடிப்பொடியாக உதிர்வது இதனால்தான். வெயில் இந்த இரண்டு வேலையையும் ஒருசேர விரைவுபடுத்துகிறது. வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் கூடினால் தாளின் ஆயுள் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும் என்பது எங்கள் துறையில் சொல்லும் தோராயக் கணக்கு. கரூர் மொட்டை மாடி வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாளோடு நிறுத்தியது நல்லது, இனி வேண்டாம். வாடை போக, ஜன்னல் திறந்த அறையில், நேரடி வெளிச்சம் படாமல், மேசைமேல் வெள்ளைத்துணி விரித்துப் புத்தகங்களைத் தனித்தனியாகப் பரப்பி, மின்விசிறியை மெதுவாகச் சுற்றவிடுங்கள். காற்று நேராகப் புத்தகத்தின்மேல் அடிக்கக் கூடாது. பூஞ்சை பூத்தது போல வெள்ளையாகவோ பச்சையாகவோ தெரிந்தால் அந்தப் புத்தகத்தை வேறு அறைக்கு மாற்றுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் அணிந்து, மென்மையான தூரிகையால் தட்டிவிடலாம். ஈரத்துணி கூடாது.

செல்லோடேப் ஒட்டிய புத்தகத்தை அப்படியே விட்டுவிடுங்கள். பிய்த்தால் அச்சும் சேர்ந்து வரும். டேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் அதை எடுப்பதற்குப் பயிற்சி பெற்ற கையும் அதற்கான கரைப்பானும் வேண்டும். கிழிசலைச் சேர்க்க நாங்கள் பயன்படுத்துவது மெல்லிய ஜப்பானியக் காகிதமும் கோதுமை மாவுப் பசையும். பின்னாளில் வேண்டாம் என்று நினைத்தால் சிறிது ஈரத்தில் எடுத்துவிடலாம்.

லேமினேஷனை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கணவரிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள், அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளின் நார்களுக்குள் புகுந்துவிடும், திரும்ப எடுக்க வழியில்லை. அமிலம் உள்ளேயே அடைபட்டுத் தன் வேலையைத் தொடரும். சேகரிப்பாளர் யாரும் லேமினேட் செய்த புத்தகத்தை வாங்க மாட்டார். சுருங்கிய அட்டையை இஸ்திரிப் பெட்டியால் நீவுவதும், மங்கிய இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் தீட்டுவதும் இதே போன்ற காரியங்கள்தான்.

அடியில் ஒட்டிக்கொண்டவற்றைப் பிரிக்க முயலாதீர்கள். அமெரிக்கக் காமிக்ஸின் அட்டை பளபளப்பான பூச்சுப்பூசிய தாள். நனைந்து காய்ந்தால் அந்தப் பூச்சே பசையாக மாறிவிடும். கட்டாகவே எடுத்து, சுத்தமான வெள்ளைக் காகிதத்தில் சுற்றித் தனியாக வையுங்கள். மேலே உள்ள புத்தகம் எது என்று தெரிந்துகொண்ட பிறகு, பிரிக்கச் செலவழிப்பது தகுமா என்று முடிவு செய்யலாம்.

இன்னொன்று: அப்பா தைத்து வைத்த பைண்டிங்கைப் பிரித்துவிடாதீர்கள். பிரித்தால் தனித்தனியாக விற்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும். பைண்ட் செய்தவர் ஓரங்களை ஏற்கெனவே வெட்டிச் சமப்படுத்தியிருப்பார், ஊசித்துளையும் போகாது. பிரித்த புத்தகம் குறைபட்ட தனிப் புத்தகமாகத்தான் நிற்கும். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இப்படித் தைத்து வைத்துதான் தம்பி தங்கைகள், தெருப்பிள்ளைகள் எல்லாரும் படித்தார்கள். வாடகை நூலக முத்திரை, உங்கள் அப்பா உள்ளட்டையில் எழுதிய பெயர், தேதி எதையும் அழிக்க வேண்டாம். தரப்புள்ளி கொஞ்சம் குறையலாம். ஆனால் ஒரு புத்தகம் யார் கைகளில் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

பழசு என்பதால் மட்டும் லட்சம் வராது

பழசானாலே விலை ஏறிவிடும் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பதைத் திருத்தியாக வேண்டும். 1938இல் 10 சென்டுக்கு விற்ற 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் ஒரு பிரதி 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது உண்மை. சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய இதழ் அது. மிகச் சில பிரதிகளே எஞ்சியிருக்கின்றன, ஏலம் போன பிரதியின் தரம் பத்துக்கு 8.5. மறுபக்கம், 1991இல் வந்த 'எக்ஸ்-மென்' முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சானது. வாங்கியவர்கள் எல்லாரும் பத்திரமாகவும் வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் அதற்குச் சொல்லும்படி விலை இல்லை. ஒரு பிரதியின் விலையைத் தீர்மானிப்பது மூன்று: எத்தனை பிரதிகள் மிஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள், உங்கள் கையில் உள்ளது எந்த நிலையில் இருக்கிறது. வயதுக்கு அதில் தனி இடம் இல்லை.

தமிழ்ப் புத்தகங்களின் கதை வேறு. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியது 1972இல். லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் 1984இல் வந்தன. படித்தவர்கள் கிழித்தார்கள், இரவல் போனது திரும்பவில்லை, மீதி எடைக்குப் போனது. எழுபதுகளின் தொடக்க இதழ்கள் அட்டையோடும் நடுப்பக்கத்தோடும் முழுதாகக் கிடைப்பது அரிதாகிவிட்டதற்கு இதுதான் காரணம். தேடுகிறவர்களோ இன்று நாற்பது முதல் எழுபது வயதுவரை உள்ள, சிறுவயதில் படித்ததைத் திரும்பக் கையில் வைத்துக்கொள்ள ஆசைப்படும் ஒரு சிறிய, பாசமான கூட்டம். அமெரிக்காவில் ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடு 1970 முதல் வருகிறது. தமிழுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட அப்படியொரு கையேடு இல்லை. வாங்குபவர் தருவதுதான் விலை. அறுபதாயிரம் நியாயமா என்று என்னால் சொல்ல முடியாது. ஒரே ஒருவர் சொன்ன விலையை வைத்து நீங்களும் முடிவு செய்யக் கூடாது. குறைந்தது இன்னும் இரண்டு சேகரிப்பாளர்களிடமாவது பட்டியலைக் காட்டுங்கள். பழைய கதைகள் மறுபதிப்பாகவும் வந்திருப்பதால், உள்ளட்டையில் உள்ள வெளியீட்டு எண், விலை, மாதம், முகவரி நான்கையும் பார்த்து, இருப்பது முதல் பதிப்பா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

தரம் பார்ப்பது எப்படி

கிரேடிங் என்றால் புத்தகத்தின் நிலைக்கு ஓர் எண் கொடுப்பது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவைச் சேர்ந்த சி.ஜி.சி. என்ற நிறுவனம் 2000ஆம் ஆண்டிலிருந்து இதைச் செய்கிறது. 0.5 முதல் 10 வரை எண். அச்சகத்திலிருந்து அப்படியே வந்தது போல இருந்தால் 9.8, நன்றாகப் படித்து ஆனால் முழுதாக உள்ளது 4.0 சுற்றி, கந்தலானால் 1.0க்கும் கீழே. எண் கொடுத்தபின் புத்தகத்தைக் கெட்டியான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடி முத்திரையிடுவார்கள். சேகரிப்பாளர்கள் இதை ஸ்லாப் என்பார்கள். லேபிளின் நிறமும் முக்கியம்: நீலம் என்றால் இயல்பான பிரதி, ஊதா என்றால் பழுதுபார்த்தது, பச்சை என்றால் குறிப்பிட்டுச் சொல்லவேண்டிய குறை உள்ளது, மஞ்சள் என்றால் அவர்கள் ஆள் முன்னிலையில் கையெழுத்து வாங்கியது. வண்ணம் தீட்டிய புத்தகம் ஊதாவுக்குப் போய்விடும், விலையும் இறங்கிவிடும். நல்லெண்ணத்தில் எதையும் சரிசெய்ய வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டிலேயே நீங்கள் முதல் சுற்றுப் பார்த்துவிடலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். பருத்திக் கையுறையைவிட உலர்ந்த சுத்தமான விரல் நல்லது, தாளின் ஓரம் எங்கே நைந்திருக்கிறது என்பது விரலுக்குத் தெரியும். புத்தகத்தை மேசையில் கிடத்தி, முதுகைப் பாருங்கள். பின் இருக்கும் இடத்தைச் சுற்றிக் குறுக்காகச் சின்னச்சின்ன வெள்ளைக் கோடுகள் தெரியும். எத்தனை முறை திறந்து மூடினார்கள் என்பதற்கு அவையே கணக்கு. ஒரு விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால், நேராகப் பார்க்கும்போது தெரியாத மடிப்பும் அழுத்தத் தடமும் அட்டையில் நிழலாக எழும். பிறகு பக்கங்களை எண்ணுங்கள். நடுத்தாள் பின்னில் பிடித்திருக்கிறதா, தனியாக வந்துவிட்டதா? தாள் வெள்ளையா, சந்தன நிறமா, பழுப்பா, தொட்டால் உதிர்கிறதா? பின்னின் துரு தாளுக்குள் பரவியிருக்கிறதா? துருப்பிடித்த பின்னைக் கழற்ற வேண்டாம், பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும்.

சித்தப்பாவின் நாற்பது புத்தகங்களில் ஒன்றைக் குறிப்பாகத் தேடச் சொல்வேன்: 1974 நவம்பர் தேதியிட்ட 'இன்க்ரெடிபிள் ஹல்க்' 181ஆம் இதழ். வோல்வரின் என்ற சூப்பர் ஹீரோ முழுமையாகத் தோன்றிய முதல் இதழ் என்பதால் எழுபதுகளின் புத்தகங்களில் அதிகம் தேடப்படுபவற்றுள் ஒன்று அது. இருந்தால் உடனே வாசகர் கடிதப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அந்த ஆண்டுகளில் ஹல்க்கை வெளியிட்ட மார்வெல் நிறுவனம் வெட்டி எடுத்துச் சேகரிக்கும் ஸ்டாம்ப் படங்களை அந்தப் பக்கத்தில் அச்சிட்டது. பிள்ளைகள் கத்தரித்துவிட்டார்கள். அட்டை புதுசு போல மின்னினாலும் உள்ளே தீப்பெட்டி அளவுக்கு ஓட்டை இருந்தால் அது குறைபட்ட பிரதிதான், மதிப்பு பெரிதும் விழும். விற்கும்போது இதைச் சொல்லாமல் விடுவது ஏமாற்று. வாங்கியவர் திருப்பி அனுப்பவும் பணம் கேட்கவும் இடம் கொடுத்ததாகிவிடும். நாற்பதையும் இதே போலப் பாருங்கள், கூப்பன் வெட்டியது, போட்டியில் பேனாவால் விடை எழுதியது எல்லாம் எழுபதுகளில் சாதாரணம்.

அமெரிக்காவுக்கு அனுப்புவது தகுமா? பெரும்பாலான புத்தகங்களுக்குத் தகாது என்பது என் கருத்து. கிரேடிங் கட்டணம், போக வர அனுப்பும் செலவு, காப்பீடு எல்லாம் சேர்த்தால் ஒரு புத்தகத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். 3.0 வாங்கி வரும் ஒரு சாதாரண இதழ் அந்தச் செலவைக்கூடத் திருப்பித் தராது. திரும்பி வரும்போது சுங்கத்தில் இறக்குமதிப் பொருளாகப் பார்க்கவும் வாய்ப்புண்டு. அனுப்பியபோது தந்த ரசீதும் பொருள் விவரமும் கையில் இல்லையென்றால் வாதாட முடியாது. ஹல்க் 181 போன்ற ஒன்றிரண்டு, அதுவும் ஒட்டாமல், வெட்டாமல் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். தமிழ்ப் புத்தகங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றை வாங்குபவர்கள் எண்ணைப் பார்த்து வாங்குவதில்லை, கையில் எடுத்துப் புரட்டி, அட்டையைத் தடவிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடிவிட்டால் அவர்களால் படிக்கவும் முடியாது. ஸ்லாப் போட்டுவிட்டால் புத்தகம் என்றென்றைக்கும் பத்திரம் என்று எண்ணவும் வேண்டாம். அது காற்றுப் புகாத பெட்டி அல்ல. ஈரமான அறையில் வைத்தால் உள்ளேயும் ஈரம் போகும்.

எப்படி வைத்திருப்பது

விற்றாலும் விற்காவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள். மதிப்புள்ளவற்றை ஒவ்வொன்றாக உறையில் போட வேண்டும். மைலார் என்று சொல்லும் பாலியெஸ்டர் உறை சிறந்தது, விலை கூடுதல். பாலிபுரொப்பிலீன் உறை போதுமானது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கடையில் நோட்டுப் புத்தகத்துக்குப் போடும் மெத்தென்ற பி.வி.சி. உறை கூடவே கூடாது, அது நாளாக நாளாக அமிலம் கக்கும், அட்டையின் மையையும் இழுத்துக்கொள்ளும். புத்தகத்தின் பின்னால் அமிலமற்ற அட்டை ஒன்று வைத்தால் வளையாது. உறையை முழுக்க ஒட்டி மூடிவிடாதீர்கள், மடக்கி விட்டால் போதும். ஒட்டியே ஆகவேண்டும் என்றால் புத்தகத்தை வெளியே எடுக்கும்போது டேப்பின் ஓரம் அட்டையில் பிடித்து இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல புத்தகங்கள் பல கெடுவது அந்த ஒரு நொடியில்தான்.

இனி பரண் வேண்டாம். ஓட்டுக்கோ கூரைத் தளத்துக்கோ அடியில் இருக்கும் பரண்தான் வீட்டிலேயே அதிகச் சூடான இடம். தரையும் வேண்டாம், கரையான் ஏறும். வெளிச்சுவரை ஒட்டாத பீரோவின் நடுத்தட்டு நல்லது. புத்தகங்களைக் குத்துவாக, ஒன்றையொன்று தாங்கும்படி, இறுக்கமில்லாமல் நிறுத்துங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது, 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி கிடைக்கிறது, வாங்கி உள்ளே வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போடலாம்.

பாச்சை உருண்டை போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அதன் ஆவி மூடிய இடத்தில் உங்கள் குழந்தைகளின் உடம்புக்கும் ஆகாது. வேப்பிலையை நேராகப் புத்தகத்துக்குள் வைத்தால் பச்சையாக இருக்கும்போது ஈரம் விடும், காய்ந்தபின் கறை விடும். நம் வீடுகளில் ஏட்டுச் சுவடிக்குப் போடும் வசம்பைத் துணிமுடிச்சாகக் கட்டிப் பீரோவின் மூலையில் வைப்பதில் தீங்கில்லை. பூச்சியைத் தடுப்பது என்னவோ வறட்சியும் சுத்தமும் மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதும்தான். ராமபாணப் பூச்சியின் துளையும் அதன் கீழே புதுத்தூளும் தெரிந்தால் அந்தப் புத்தகத்தை உறையில் கட்டித் தனியே எடுத்துவிடுங்கள்.

யாருக்குச் சொந்தம்

இது என் துறையல்ல, ஆனாலும் விற்பதற்குமுன் தெளிந்தாக வேண்டியது. உயில் எழுதாமல் காலமானவரின் சொந்தச் சொத்து, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. நகை, வண்டி, புத்தகம் என்று வேறுபாடு கிடையாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்த 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். ஆனால் அப்பா தானே சம்பாதித்துச் சேர்த்ததில் மகளுக்குச் சம பங்கு 1956 முதலே இருக்கிறது. எனவே தம்பி சொல்வது தவறு. அதே நேரம், நீங்களும் தனியாக விற்க முடியாது. அம்மாவைக் கேட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்தப் பெட்டியில் பங்கு உள்ளவர் அவர், அப்பா அந்தப் புத்தகங்களோடு எத்தனை நேரம் கழித்தார் என்று அறிந்தவரும் அவர்தான். மூவரும் உட்கார்ந்து, எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது, பணத்தை எப்படிப் பிரிப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். தம்பியோடு வழக்கறிஞர் வரை போகாமல் இதிலேயே முடிந்துவிடும்.

ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக விற்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூடாது. உங்களிடம் இருப்பது அந்தப் பிரதியின் உரிமை மட்டுமே, பதிப்புரிமை பதிப்பாளரிடமும் படைப்பாளியிடமும் இருக்கிறது. பிரதியை விற்கத் தடையில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பினால் தொல்பொருள் சட்டம் வருமா என்ற பயமும் வேண்டாம். 1972ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக நூறு ஆண்டைத் தாண்டிய பொருள்களைப் பற்றியது. சுவடி, ஆவணம் போன்றவற்றுக்கு 75 ஆண்டு.

கோலாலம்பூர்க்காரருக்கு என்ன சொல்வது

அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் முகம் தெரியாதவருக்குப் பொருளை முதலில் அனுப்பிப் பணத்துக்குக் காத்திருப்பது உங்களுக்கு மட்டுமே ஆபத்தான ஏற்பாடு. ஒவ்வொரு புத்தகத்தின் முன்னட்டை, பின்னட்டை, நடுப்பக்கம், குறை உள்ள இடம் எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்புங்கள். முழுப்பணம் வங்கிக் கணக்கில் ஏறியபின் அனுப்புவதாகச் சொல்லுங்கள். தயங்கினால், முதலில் ஒரே ஒரு புத்தகத்தோடு தொடங்கலாம் என்று கேளுங்கள். உண்மையான சேகரிப்பாளர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பணம் போடுகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய 'பின்' எண்ணைப் போடுங்கள் என்று யார் சொன்னாலும் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். பணம் வாங்குவதற்கு அந்த ரகசிய எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும். இதெல்லாம் வேண்டாம் என்றால், ஈரோடு புத்தகத் திருவிழா உங்களுக்குப் பக்கம். காமிக்ஸ் தேடி வருபவர்கள் அங்கே வருவார்கள், நேரில் காட்டிக் கையோடு பணம் வாங்கலாம்.

அனுப்புவதென்று முடிவானால், கட்டும் முறையில் கவனம் வேண்டும். புத்தகத்தை உறையிலும் அமிலமற்ற அட்டையிலும் வையுங்கள். அதைவிட நான்கு பக்கமும் ஓர் அங்குலம் பெரிதாக இரண்டு நெளிவு அட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றின் வரி நெடுக்காகவும் மற்றதன் வரி குறுக்காகவும் இருக்கட்டும், அப்போதுதான் எந்தப் பக்கமும் மடங்காது. உறையின் நான்கு மூலைகளையும் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பால் ஓர் அட்டையோடு பிடித்துவிடுங்கள். உள்ளே நகர்ந்தால் மூலைதான் முதலில் நசுங்கும். மேலே மற்ற அட்டையை வைத்து ஒட்டி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக்கில் சுற்றுங்கள். அதன்மேல்தான் குமிழ் உறை. புத்தகத்தை ஒட்டிச் சுற்றினால் குமிழின் தடம் அட்டையில் பதியும். பிறகு கெட்டியான பெட்டியில், எந்தப் பக்கமும் ஆடாதபடி கசக்கிய காகிதம் நிரப்பி மூடுங்கள். துணியில் தைத்து அரக்கு வைத்துச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டும் பழைய முறை வேண்டாம், கயிறு இறுகும் இடத்தில் ஓரம் வெட்டுப்படும். பதினொன்றையும் ஒரே பெட்டியில் அனுப்பாமல் இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள். கட்டுவதைத் தொடக்கத்திலிருந்து ஒட்டி முடிக்கும்வரை வெட்டாமல் வீடியோ எடுத்து வையுங்கள், அவரையும் பிரிக்கும்போது எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கை: ஸ்பீட் போஸ்ட்டில் தொலைந்தால் அஞ்சல்துறை முழு மதிப்பையும் தந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். உள்நாட்டு ஸ்பீட் போஸ்ட்டுக்குச் சொல்லப்பட்டிருக்கும் இழப்பீடு, கட்டிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. தனியார் கூரியர்களும் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் தங்கள் பொறுப்புக்கு வரம்பு போட்டிருப்பார்கள். எனவே உண்மையான மதிப்பை எழுதித் தனியாகக் காப்பீடு செய்யுங்கள், பழைய புத்தகங்களுக்கு அது பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சுங்கக் கட்டணத்தைக் குறைக்க 'பரிசு, 500 ரூபாய்' என்று எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது பொய் அறிவிப்பு. தொலைந்தாலும் உங்களுக்கு 500 ரூபாய்தான். சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆனால் ரசீது, வீடியோ, மதிப்பைக் காட்டும் ஆவணம் மூன்றும் இல்லாமல் அங்கே போய் நின்று பயனில்லை.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது பட்டியல் மட்டும். ஒரு நோட்டில் தலைப்பு, வெளியீட்டு எண், மாதம், ஆண்டு, பக்கம் முழுதா, அட்டை உண்டா, குறை என்ன என்று கட்டம் போட்டு எழுதுங்கள். அம்மாவை அருகில் உட்கார வைத்துக்கொண்டு எழுதினால் எந்தப் புத்தகம் எப்போது வந்தது என்று அவர் சொல்லக்கூடும். விலை போகாது என்று தெரியும் கந்தல் பிரதிகளைக் கூட எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் தனி ஒருவர் சேர்த்த புத்தகங்களையும் துண்டுப் பிரசுரங்களையும் அடித்தளமாகக் கொண்டு 1994இல் உருவானது. தாள் பாதுகாப்பு வேலையும் அங்கே நடக்கிறது. பட்டியலின் நகலை அவர்களுக்கு அனுப்பி, தங்களிடம் இல்லாத இதழ் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். ஒட்டிக்கொண்ட கட்டைப் பிரிப்பது பற்றியும் அவர்களிடமே ஆலோசனை கேட்கலாம். பதில் வரும்வரை அந்தக் கட்டு வெள்ளைக் காகிதத்துக்குள் அப்படியே இருக்கட்டும்.